டேகர்ன்சே ஏரியைச் சுற்றி ஓடுகிறவர்களுக்கு: காலடி மண்ணின் கணக்கு

மியூனிக்கிலிருந்து தெற்கே சுமார் 50 கி.மீ. போனால், சமவெளி முடிந்து ஆல்ப்ஸ் எழும்பத் தொடங்கும் இடத்தில் டேகர்ன்சே ஏரி இருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 725 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட 9 சதுர கி.மீ. பரப்பு, ஆழமான இடத்தில் 70 மீட்டருக்கும் மேல். கரையோரமாக ஒரு சுற்று வந்தால் 21 கி.மீ. ஆகிவிடும். செப்டம்பரில் நடக்கும் அரை மாரத்தான் போட்டியும் இந்தச் சுற்றில்தான். வடக்கே க்முண்ட், மேற்கே பாட் வீசே, தெற்கே ரோட்டாக்-ஏகெர்ன், கிழக்கே டேகர்ன்சே என நான்கு ஊர்கள் கரையில் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு ஊரின் முதுகுக்குப் பின்னாலும் ஒரு மலை, ஒவ்வொரு மலையிலும் நாலைந்து பாதைகள்.

ஓடப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது இரண்டு எண்களை: எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஏற்றம். இந்த ஏரிக்கு அது பத்தாது. காலுக்குக் கீழே என்ன மண், கடந்த இரண்டு நாளில் எவ்வளவு மழை என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் கணக்கு தப்பிவிடும். காய்ந்த நாளில் ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற அதே பாதை, மழைக்கு மறுநாள் இரண்டேகால் மணி நேரம் வாங்கும். நம் உடம்பில் எந்தக் குறையும் இருக்காது, பாதை வேறு ஆளாகியிருக்கும்.

மூன்று வகை மண்

காரணம் எளிது. வடக்கிலிருந்து தெற்காக, பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் மூன்று வகை நிலம் மாறுகிறது. க்முண்ட் பக்கம் பழைய பனியாறு தள்ளிக்கொண்டு வந்து குவித்துவிட்டுப் போன கூழாங்கல்லும் மண்ணும் கலந்த மேடுகள். மேலே புல்வெளி, பால் மாடுகள், மென்மையான ஏற்ற இறக்கம். மழை பெய்தாலும் ஓடிவிடலாம்.

அடுத்தது ஃப்ளிஷ் என்று புவியியலாளர்கள் சொல்லும் பட்டை. மணற்கல்லும் களிமண் கலந்த மென்பாறையும் மாறி மாறி அடுக்கப்பட்ட நிலம். டேகர்ன்சே ஊருக்கு மேலே இருக்கும் நொய்ரொய்ட், அதையடுத்த கிண்டெலால்ம் மேடு, பாட் வீசேக்குப் பின்னாலுள்ள காட்டுச் சரிவுகள் எல்லாம் இதில் அடங்கும். மலைகள் உருண்டையாக, தலைவரை காடு மூடி, பார்க்கச் சாதுவாக இருக்கும். ஏமாந்துவிடக் கூடாது. களிமண் தண்ணீரை உள்ளே விடாது. பெய்த மழை மேலேயே நிற்கும், மர நிழலில் வெயிலும் படாது. ஊரில் தெரு காய்ந்து ஒருநாள் ஆனபின்பும் காட்டுக்குள் சேறு அப்படியே கிடக்கும். சரிவு முழுக்கப் பைன் இனத்து மரங்களின் வேர்கள் தரைக்கு மேலே பின்னிக் கிடக்கும். ஈரமான வேரில் எந்த ஷூவும் பிடிக்காது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பிடிக்காது.

தெற்கே, அதாவது ரீடர்ஷ்டைன், வால்பெர்க் என்று பாறை தலைகாட்டும் இடத்திலிருந்து சுண்ணாம்புப் பாறையும் அதைப் போன்ற டோலமைட் பாறையும். இங்கே தண்ணீர் விரிசல் வழியே இறங்கிவிடும், மழை விட்ட அரை நாளில் பாதை காய்ந்துவிடும். ஆனால் வேறு இரண்டு தொல்லைகள். டோலமைட் சின்னச் சின்னக் கூர்க்கற்களாக உதிரும், இறக்கத்தில் அவை காலடியில் உருளும். கூட்டம் அதிகம் நடக்கும் இடத்தில் சுண்ணாம்புப் பாறை தேய்ந்து பளபளப்பாகியிருக்கும். காய்ந்திருக்கும்போதே வழுக்கும் பாறை அது. நாலுபேர் ஷூவில் ஒட்டிக்கொண்டு வந்த சேறு அதன்மேல் படிந்தால் சொல்லவே வேண்டாம்.

ஆகவே விதி இதுதான்: இரண்டு நாள் மழைக்குப் பிறகு கிழக்குக் கரையின் காட்டு ஒற்றையடிப் பாதைகளைத் தவிருங்கள். கரைச்சுற்று, வைஸாக் ஆற்றோரம், அகலமான காட்டுச் சாலைகள், இவற்றில் ஒன்றை எடுங்கள். தெற்குப் பாறை மலைகள் ஒரு முழு நாள் காய்ந்தால் போதும். நொய்ரொய்டின் குறுக்குப் பாதைகளுக்கு மூன்று நாளாவது வேண்டும்.

கரைச்சுற்று: எந்தப் பக்கமாக?

க்முண்ட் ரயில் நிலையத்தில் இறங்கி, கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது முதலில் மேற்குக் கரை வழியாக ஓடுவது நல்லது. மூன்று காரணங்கள். ஒன்று, வடமேற்கு மூலையில் கால்டென்ப்ருன் பண்ணை மேட்டில்தான் இந்தச் சுற்றின் ஒரே உருப்படியான ஏற்றம் இருக்கிறது. அதை முதல் சில கிலோமீட்டரிலேயே, கால் புதிதாக இருக்கும்போது முடித்துவிடலாம். எதிர்ப்பக்கமாகப் போனால் அது 18-வது கிலோமீட்டருக்கு மேல் வந்து நிற்கும். இரண்டு, காலை வெயில் முதலில் மேற்குக் கரையில் படும். கிழக்குக் கரை மலை நிழலில் இருப்பதால், குளிர்காலத்தில் அங்கே முற்பகல் வரை தரையில் உறைபனி நிற்கும். நீங்கள் அங்கே போய்ச் சேரும்போது உருகியிருக்கும். மூன்று, கால் மறுத்தால் சுமார் 16-வது கிலோமீட்டரில் டேகர்ன்சே ரயில் நிலையம் வந்துவிடும். அங்கிருந்து க்முண்ட் அடுத்த நிறுத்தம்தான்.

தரை பெரும்பாலும் தாரும் பொடிக்கல்லும். சாதாரணச் சாலை ஷூ போதும். மலைக்கான பற்கள் வைத்த ஷூ போட்டால் 21 கி.மீ. முடிவில் முன்பாதம் எரியும். சில இடங்களில் பாதை பெரிய சாலையை ஒட்டியே போகிறது. டேகர்ன்சே பக்கம் தண்ணீரின்மேல் போட்ட மரப்பலகை நடைபாதையும் உண்டு. காலைப் பனியில் அந்தப் பலகைகள் ஐஸ் தடவினதுபோல் ஆகிவிடும், நடந்தே கடக்கவும். தென்மேற்கு மூலையில் ரிங்சே என்ற குடா, நாணல், அமைதி. அதன் மேலே குன்றில் தெரியும் கோட்டை பழங்காலத்தது என்று நினைக்க வேண்டாம். 1912-இல் கட்டத் தொடங்கிய ரிங்பெர்க் கோட்டை அது, இப்போது மாக்ஸ் பிளாங்க் என்ற ஆராய்ச்சிக் கழகத்தின் கருத்தரங்க இடம்.

ரோட்டாக்-ஏகெர்னுக்கும் டேகர்ன்சேக்கும் நடுவே ஏரி குறுகும் இடத்தில், பருவ காலத்தில் துடுப்புப் படகு ஒன்று ஆளை அக்கரை சேர்க்கும். மணியடித்தால் படகுக்காரர் வருவார். சுற்றின் தூரம் குறையும் என்பதால் இதை ஏமாற்று என்று சொல்கிற ஓட்டக்காரர்கள் இருக்கிறார்கள். நேரம் பார்த்து ஓடாத நாளில் ஏறிக்கொள்ளுங்கள், தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் இந்தக் கரையில் வேகமாக ஓட முடியாது. குழந்தை வண்டி, நாய்க்கயிறு, மின்சார மிதிவண்டி, ஐஸ்கிரீம் வரிசை. நேரம் பார்த்து ஓட நினைப்பவர்கள் ஏழு மணிக்குக் கிளம்பிவிட வேண்டும்.

நொய்ரொய்ட்: முதல் மலை

சமதரையில் மட்டும் ஓடிப் பழகியவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். டேகர்ன்சே நிலையத்திலிருந்து 1264 மீட்டர் உயரத்திலுள்ள மலை விடுதிக்குச் சுமார் 500 மீட்டர் ஏற்றம், நாலு கிலோமீட்டர் தூரம். இரண்டு வழிகள் உண்டு: செங்குத்தாகக் காட்டுக்குள் ஏறும் கோடைப்பாதை, அகலமாக வளைந்து போகும் குளிர்காலப் பாதை. கோடைப்பாதையில் ஏறி, குளிர்காலப் பாதையில் இறங்குங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, இறங்கும்போது வேரில் சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொள்கிறார்கள். ஏறும்போது வழுக்கினால் முழங்காலில் சேறு ஒட்டும், அவ்வளவுதான். இறங்கும்போது வழுக்கினால் மொத்த உடம்பும் கையில் விழும்.

ஏற்றத்தில் ஓடியே தீர வேண்டும் என்ற வீம்பு வேண்டாம். சரிவு 15 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலானவர்களுக்கு வேக நடைதான் லாபம். இதயத்துடிப்பு பத்துப் பதினைந்து குறையும், வேகம் பெரிதாகக் குறையாது. கையைத் தொடைமேல் ஊன்றி, அடியைச் சின்னதாக்கி, மூக்கால் மூச்சு விடும் அளவுக்குப் போங்கள். போட்டி ஓட்டக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

இறக்கத்தில் நடப்பது வேறு. ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையைப் பிடித்து நிறுத்துகிறது. பழகாத தசையில் இது நுண்ணிய கிழிசல்களை உண்டாக்கும். வலி அன்றைக்குத் தெரியாது, மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சம். 500 மீட்டர் இறக்கம் ஒன்றே புதியவரைப் படிக்கட்டில் பின்பக்கமாக இறங்க வைக்கும். முதல் சில தடவை இறக்கத்தை மெதுவாகச் செய்யுங்கள்: அடியைக் குறுக்கி, நிமிடத்துக்கு 180 அடிக்குக் குறையாமல், பாதம் இடுப்புக்குக் கீழேயே விழும்படி. பயத்தில் பின்னால் சாய்வதுதான் பெரிய தப்பு. சாய்ந்தால் குதிகால் முதலில் படும், சேற்றில் குதிகால் படுவது என்றால் சறுக்கல் என்று அர்த்தம்.

காட்டுச் சாலைகளில் கவனிக்க வேண்டிய ஒரு சின்ன விஷயம்: மழைநீர் வடிய, சாலைக்குக் குறுக்கே சாய்வாக இரும்பிலோ மரத்திலோ ஒரு வாய்க்கால் பதித்திருப்பார்கள். அகலம் ஒரு பாதத்தைவிடச் சற்றுக் கூடுதல். இலையுதிர் காலத்தில் பீச் மரத்து இலைகள் அதை நிரப்பி மூடிவிடும், தரையோடு தரையாகத் தெரியும். மிதித்தால் முன்பாதம் உள்ளே இறங்கும், விளிம்பு கணுக்காலில் இடிக்கும். சாலையின் நிறத்தில் குறுக்காக ஒரு நேர்கோடு தெரிந்தாலே தாண்டிவிடப் பழகிக்கொள்ளுங்கள். மாடு கடக்காமலிருக்க உருளைக் கம்பிகள் போட்ட இடங்களும் இப்படித்தான். ஈரத்தில் அந்தக் கம்பிகளின்மேல் ஓடக் கூடாது, பக்கத்தில் சின்னக் கதவு இருக்கும்.

நொய்ரொய்டோடு நிறுத்தாமல், முகட்டிலேயே கிழக்கே போய், 1335 மீட்டர் உயரமான கிண்டெலால்ம் மேட்டைத் தொட்டு, மறுபக்கம் ஷ்லியர்சே என்ற அடுத்த ஏரிக்கு இறங்கிவிடலாம். மொத்தம் 13, 14 கி.மீ., 650 மீட்டர் அளவுக்கு ஏற்றம். இந்த வட்டாரத்தில் முதல்முறை மலை தாண்ட நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல தடம் கிடையாது. முகட்டில் தெற்கே பெரிய மலைகள் வரிசையாகத் தெரியும், ஆபத்தான இடம் எதுவும் இல்லை, முடிகிற இடத்தில் ரயில் நிற்கும். களிமண் நிலம் என்பதை மட்டும் மறக்காதீர்கள். முகட்டின் புல்வெளிப் பகுதிகளில் மாட்டுக் குளம்புகள் மிதித்து மிதித்துப் பாதையைக் குழிக்குழியாக்கியிருக்கும். அது காய்ந்து இறுகிய பின்னும் கணுக்காலைப் பிரட்டும்.

ரயிலில் ஒரு பொறி

மியூனிக்கிலிருந்து வரும் ரயில் வழியில் பிரியும். ஹோல்ஸ்கிர்ஹெனில் ஷ்லியர்சே, பைரிஷ்ட்ஸெல் பக்கம் போகும் பெட்டிகள் கழன்றுபோகும். ஷாஃப்ட்லாக்கில் மீதி இரண்டாகப் பிரிந்து ஒன்று லெங்க்ரீஸுக்கும் மற்றது டேகர்ன்சேக்கும் போகும். பெட்டியின் வெளியிலும் உள்ளேயும் போகுமிடம் எழுதியிருக்கும். பார்க்காமல் ஏறித் தூங்கியவர்கள் தவறான ஏரியில் கண் விழிப்பது வாரம் தவறாமல் நடக்கிறது. ஓடுகிறவர்களுக்கு இதே அமைப்புதான் வரம். மூன்று பள்ளத்தாக்குகளும் ஒரே ரயில் வலையில் இருப்பதால், ஒன்றில் இறங்கி மலை தாண்டி இன்னொன்றில் ஏறலாம். காரில் வந்தவர்களுக்கு அந்த வசதி கிடையாது, வந்த வழியே திரும்பித்தான் ஆக வேண்டும். கோடை ஞாயிறுகளில் வாகன நிறுத்தமும் காலை ஒன்பதுக்குள் நிரம்பிவிடும். மாதாந்திர ஜெர்மனி பயணச்சீட்டு இந்த ரயில்களில் செல்லும்.

ரீடர்ஷ்டைன், பவும்கார்ட்டென்ஷ்னைட்

டேகர்ன்சேக்குத் தென்கிழக்கே காட்டுக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் பாறையில் ஒரு சின்னத் தேவாலயம் தெரியும். 1207 மீட்டரில் இருக்கும் ரீடர்ஷ்டைன் அது. கலாவுன் என்ற மலை விடுதி வரை நல்ல பாதை. அதற்கு மேல் சிலுவைப்பாதை நிலையங்களை ஒட்டிப் படிகள். இந்தப் படிகள் ஒரே உயரமாக இல்லை, ஓட்டத்தின் தாளம் உடையும். பேசாமல் நடந்து ஏறுங்கள். தேவாலயத்தைச் சுற்றிப் பாறை விளிம்பு, கம்பித் தடுப்பு, கீழே ஏரி முழுவதும்.

அங்கிருந்து 1448 மீட்டர் பவும்கார்ட்டென்ஷ்னைட் வரை இன்னும் 240 மீட்டர் ஏறினால் ஒரு நல்ல வளையம் கிடைக்கும். வடக்குப் பக்கமாக இறங்கி, ஆல்ப்பாக் ஓடைப் பள்ளத்தாக்கு வழியே ஊருக்குத் திரும்பலாம். மொத்தம் 14 கி.மீ. வாக்கில், 750 மீட்டர் ஏற்றம். தெற்குச் சரிவில் காய்ந்த பாறை, வடக்குச் சரிவில் நிழலும் சேறும் என்று ஒரே ஓட்டத்தில் இரண்டையும் காட்டும் தடம் இது. ஏப்ரலில் தெற்கே பூ பூத்திருக்கும்போது வடக்கு இறக்கத்தில் முழங்கால் பனி கிடக்கலாம். வசந்தத்தில் அந்த இறக்கத்தை எடுக்காமல் வந்த வழியே திரும்புவது புத்திசாலித்தனம்.

வால்பெர்க்கும் மேற்கும்

வால்பெர்க் 1722 மீட்டர். ரோட்டாக்கிலுள்ள கேபிள் கார் அடிநிலையத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேல் ஒரே மூச்சில் ஏற்றம். ஏற்றப் பயிற்சிக்கு இந்த ஏரியில் இதற்கு ஈடு இல்லை. ஏறிவிட்டுக் கேபிள் காரில் இறங்கினால் முழங்கால் தப்பும், கடைசிக் கார் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்து வையுங்கள். மேல்நிலையத்துக்கும் உச்சிக்கும் நடுவிலுள்ள கடைசித் துண்டைச் சுற்றுலாப் பயணிகள் செருப்போடு ஏறுவதைப் பார்த்து எளிதென்று எண்ண வேண்டாம். தேய்ந்து மழமழப்பான சுண்ணாம்புப் பாறை அங்கேதான் இருக்கிறது. குளிர்காலத்தில் இந்த மலையில் 6.5 கி.மீ. நீளச் சறுக்குவண்டித் தடம் திறந்திருக்கும். அதில் மேல்நோக்கி ஓடுவது முட்டாள்தனம். வளைவில் வரும் வண்டிக்குப் பிரேக் கிடையாது.

மேற்கே பாட் வீசேயிலிருந்து ஸொல்பாக் பள்ளத்தாக்கு வழியாக ஆவர்ஆல்ம் மலை விடுதி (ஏறக்குறைய 1300 மீட்டர்), அங்கிருந்து 1564 மீட்டர் ஃபோக்கென்ஷ்டைன், பிறகு மறுபக்கம் ஹிர்ஷ்பாக் பள்ளத்தாக்கில் இறங்கி லெங்க்ரீஸ். சுமார் 18 கி.மீ., 850 மீட்டருக்கு மேல் ஏற்றம். முதல் பாதி நல்ல காட்டுச் சாலை, உச்சிப் பக்கம் கல், இறக்கம் நீளம். இது அரை நாள் வேலை. பாட் வீசேயில் ரயில் கிடையாது, க்முண்டிலிருந்து பேருந்து பிடிக்க வேண்டும்.

ஏற்றமே வேண்டாம் என்றால் ரோட்டாக்கிலிருந்து வைஸாக் ஆற்றோரமாக க்ரொய்ட் வரை போய் வரலாம். பொடிக்கல், மர நிழல், பக்கத்தில் தெளிந்த ஆறு. மழைக்கு மறுநாளும், காயத்திலிருந்து மீண்டு வருபவர்களுக்கும் ஏற்றது.

பலகையில் உள்ள நேரத்தை எப்படிப் படிப்பது

மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் கிலோமீட்டர் இருக்காது, நேரம்தான் இருக்கும். நடப்பவர்களுக்கான அந்தக் கணக்கு ஜெர்மன் தரவிதி ஒன்றின்படி வருகிறது: மணிக்கு 300 மீட்டர் ஏற்றம், 500 மீட்டர் இறக்கம், சமதரையில் 4 கி.மீ. உயரத்துக்கான நேரம், தூரத்துக்கான நேரம் இரண்டையும் தனித்தனியே போட்டு, பெரியதை முழுதாகவும் சிறியதில் பாதியும் கூட்ட வேண்டும். 6 கி.மீ. தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் உயரத்துக்கு 2 மணி, தூரத்துக்கு ஒன்றரை மணி, மொத்தம் இரண்டே முக்கால் மணி நேரம். பலகைகளில் இதைச் சுற்று எண்ணாக்கி எழுதுவார்கள். பழகிய மலையோட்டக்காரருக்கு இதில் பாதி போதும். புதியவர் மூன்றில் இரண்டு பங்கு வைத்துக்கொள்ளட்டும். சேற்று நாளில் பலகை நேரத்தையே நம்பிவிடுங்கள்.

பலகையில் நீலப் புள்ளி எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். கறுப்பு வழிகளில் கையால் பிடித்து ஏறும் இடங்களும் விழுந்தால் நிற்காத சரிவுகளும் வரும். ஓட்ட ஷூவோடு முதல் தடவை போகும் இடம் அதுவன்று. மரம் வெட்டும் வேலை நடப்பதால் பாதை மூடல் என்ற பலகை இருந்தால் சுற்றிக்கொண்டு போங்கள். ஞாயிறு வேலை இருக்காதே என்று நுழைகிறவர்கள், பாதி வெட்டி ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும் மரங்களை மறந்துவிடுகிறார்கள்.

பையில் என்ன

ஷூவின் அடியில் 4 முதல் 5 மி.மீ. பற்கள் போதும். ஆழம் கூடினால் சேற்றில் நன்றாயிருக்கும், பாறையில் தள்ளாடும். ஒரு மெல்லிய மழைச்சட்டை எப்போதும் வேண்டும். 100 மீட்டர் ஏற ஏற அரை டிகிரிக்கு மேல் குளிரும். கரையில் 18 டிகிரி என்றால் வால்பெர்க்கில் 12, அதில் காற்றும் வியர்வையும் சேர்ந்தால் நின்ற ஐந்தாவது நிமிடம் பல் அடிக்கும். மணிக்கு அரை லிட்டர் தண்ணீர், ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. பேரீச்சம்பழம் நாலைந்து போட்டுக்கொண்டாலும் வேலை நடக்கும். வெள்ளிநிற மீட்புப் போர்வை, விசில், நெற்றி விளக்கு, முழு சார்ஜில் போன், கொஞ்சம் ரொக்கம். மலை விடுதிகளில் பல இடங்களில் அட்டை எடுப்பதில்லை. வாரத்தில் விடுமுறை நாளும் உண்டு, நம்பிப் போகும் முன் பாருங்கள்.

இடி, மாடு, உண்ணி

கோடையில் இடிமழை பிற்பகலில் வரும், தெற்கு மலைகளின்மேல் பதினொரு மணிக்கே மேகம் குவியத் தொடங்குவதைப் பார்த்தால் முகட்டுத் திட்டத்தைக் கைவிடலாம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடிக்குக் குறைவென்றால் இடி 10 கி.மீ.க்குள் வந்துவிட்டது. முகட்டிலிருந்து இறங்குங்கள், கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் காத்திருங்கள். ஏரியே ஒரு சமிக்ஞை தருகிறது. கரையிலுள்ள ஆரஞ்சு விளக்கு நிமிடத்துக்கு 40 தடவை மினுக்கினால் பலத்த காற்று வரக்கூடும், 90 தடவை என்றால் புயல் எச்சரிக்கை. படகுகளுக்காக வைத்தது, மலைச் சரிவிலிருந்தும் தெரியும்.

ஃப்யோன் என்ற தெற்குக் காற்று வேறு ரகம். குளிர்காலத்திலும் திடீரென வெதுவெதுப்பாக்கி, வானத்தைக் கண்ணாடியாகத் துடைத்து, மலைகளைப் பக்கத்தில் கொண்டு வந்து நிறுத்தும். அந்த அழகில் மயங்கி மெல்லிய உடையோடு ஏறுகிறவர்கள் முகட்டில் காற்று அறைந்து தள்ளும்போது திகைக்கிறார்கள். காற்று ஓய்ந்தால் சில மணி நேரத்தில் வெப்பம் பத்து டிகிரிக்கு மேல் சரிந்து மழையோ பனியோ இறங்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை மேய்ச்சல் நிலங்களில் மாடுகள். நம் ஊர் மாட்டைப் போல் ஓரமாக ஒதுங்கும் என்று நினைக்காதீர்கள். கன்றோடு இருக்கும் பசுவுக்கு ஓடி வரும் ஆள் என்பது ஓநாய்க்குச் சமம். இருபது மீட்டருக்கு முன்பே நடைக்கு மாறி, சத்தமாகப் பேசிக்கொண்டே, பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போகாமல் சுற்றிப் போங்கள். மின்வேலிக் கதவைத் திறந்தால் திரும்ப மூடியாக வேண்டும்.

உண்ணிதான் இந்த வட்டாரத்தில் எல்லாவற்றையும்விட ஆபத்தானது, ஆளுக்குப் பயம் வராததும் அதனிடம்தான். வெப்பம் 7 டிகிரியைத் தாண்டினாலே புல்லில் ஏறி உட்காரும். இந்த ஏரி இருக்கும் மியெஸ்பாக் மாவட்டம் உண்ணி வழி மூளைக்காய்ச்சல் பரவும் பகுதி. அதற்கு மூன்று தவணைத் தடுப்பூசி உண்டு, குடும்ப மருத்துவரிடமே போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதே உண்ணி கொண்டுவரும் லைம் நோயை அந்த ஊசி தடுக்காது. ஓடி முடித்ததும் முழங்காலுக்குப் பின்புறம், இடுப்பு மடிப்பு, அக்குள் தேடுங்கள். கண்டால் எண்ணெய், பசை எதுவும் தடவாமல், நுனி மெல்லிய சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். அடுத்த சில வாரங்களில் கடிவாயைச் சுற்றிச் சிவப்பு வளையம் பெரிதானால் மருத்துவரிடம் போக வேண்டும்.

உதவிக்கு 112. பள்ளத்தாக்குகளில் சிக்னல் விட்டுவிட்டு வரும். கிடைக்காவிட்டால் விசிலோ விளக்கோ நிமிடத்துக்கு ஆறு தடவை, ஒரு நிமிட இடைவெளி, மீண்டும் ஆறு. பதிலாக நிமிடத்துக்கு மூன்று தடவை வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள். மீட்புக்குச் செலவு உண்டு, அடிபடாமல் வெறுமனே சிக்கிக்கொண்டவர்களிடமும் பில் வரும். ஜெர்மன் ஆல்ப்ஸ் சங்கத்தில் உறுப்பினரானால் மீட்புக் காப்பீடும் சேர்ந்தே கிடைக்கும், அடிக்கடி போகிறவர்களுக்கு அது மிச்சம்.

எந்த மாதம்

மே நடுவிலிருந்து கரையும் நொய்ரொய்டும் தெற்குச் சரிவுகளும் நம்பலாம். 1500 மீட்டருக்கு மேல் ஜூன் முதல். ஜூலை, ஆகஸ்டில் ஓடிவிட்டு ஏரியிலேயே குதிக்கலாம், தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டியிருக்கும். செப்டம்பர் கடைசிக்கும் அக்டோபருக்கும்தான் எங்கள் ஓட்டு: உறுதியான வானிலை, இடியில்லை, மாடு இறங்கிவிடும், டோலமைட் பாதைகள் எலும்பாகக் காய்ந்திருக்கும். நவம்பரில் விடுதிகள் பல மூடிவிடும், ஊர்க் குழாய்களில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள், நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். டிசம்பரிலிருந்து ஷூவின்மேல் மாட்டும் இரும்புப் பல் சங்கிலி இல்லாமல் காட்டுப் பாதையில் இறங்க வேண்டாம். அந்த மாதங்களில் அந்தியிலும் இருட்டிலும் காட்டுக்குள் விளக்கோடு ஓடுவதையும் தவிருங்கள். மான்கள் பனியில் தீனி குறைந்து உடல்சக்தியைச் சேமித்து நிற்கும் நேரம் அது. ஒரு தடவை மிரண்டு ஓடினாலே பெரும் இழப்பு. பச்சைப் பலகை வைத்து ஒதுக்கிய இடங்களுக்குள் பகலிலும் நுழையக் கூடாது.